ஆச்சி வீட்டு வண்டியும் இரண்டு வாரண்டிக் காகிதங்களும்

2025 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவகோட்டையில் பணியாற்றும் பள்ளி ஆசிரியர் ஒருவர் என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். கார் முழுதாக இல்லை; ஓடிய கிலோமீட்டர் தெரியும் இடம் மட்டும். 14,612. கீழே ஒரு வரி: "ஆச்சி வீட்டு வண்டி சார், முடித்துவிடலாமா?" நான் அப்போது கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தேன். "காகிதங்களைப் பார்த்துவிட்டு முடியுங்கள்" என்று பதில் போட்டேன். அவர் காகிதங்களைப் பார்த்தார். படிக்கவில்லை.

நான் வாகனக் காப்பீட்டில் சர்வேயராக 28 ஆண்டு இருந்து ஓய்வுபெற்றவன். காரைக்குடியில் இருக்கிறேன். சேதமான வண்டியைச் சுற்றி வந்து, எது விபத்தால் வந்தது, எது பழசால் வந்தது என்று பிரித்து எழுதுவதுதான் அந்த வேலை. வாரண்டிச் சண்டையும் ஏறத்தாழ அதுவேதான். ஒரே உதிரிபாகத்தை ஒருவர் "பழுது" என்பார், மற்றவர் "தேய்மானம்" என்பார். அந்த ஒரு சொல்லில் பணம் இருக்கிறது. இந்த வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. ஆனாலும் பழைய கார் வாங்குபவர்கள் செய்யக்கூடிய தவறுகளில் முக்கால்வாசி இதில் வரிசையாக வந்துவிட்டன. சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் ஆட்களின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் இதில் இல்லை.

வண்டி

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் தெருத்தெருவாகப் பூட்டிய நகரத்தார் வீடுகள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி, கோயில் காரியம் என்று வரும்போது ஏறிப் போக ஒரு கார் வேண்டும். அது பின்கட்டுக் கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும். ஆண்டுக்கு மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் ஓடும். வீட்டுக்காரர்களுக்கு வயதானதும் விற்பனைக்கு வரும். தரகர்கள் இதை "ஆச்சி வீட்டு வண்டி" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள், ஏதோ பழைய தேக்குக் கதவு கைமாறுவது போல.

இந்த வண்டியும் அப்படித்தான். 2021 ஜனவரியில் டெலிவரி எடுத்த சிறிய பெட்ரோல் கார். கிளட்ச் மிதி இல்லாத ஏ.எம்.டி. கியர். ஆச்சிக்கு எழுபத்தெட்டு வயது. ஓட்டுநர் ஒருவர் உண்டு. மகன் சிங்கப்பூரில். வாங்கும்போதே மகன் கூடுதல் பணம் கட்டி நீட்டிப்பு வாரண்டியும் எடுத்துக் கொடுத்திருந்தார். கம்பெனி தரும் 3 ஆண்டு 2024 ஜனவரியில் முடிந்து, நீட்டிப்பு 2 ஆண்டு அங்கிருந்து தொடங்கி, 2026 ஜனவரி வரை. விலை 4,30,000 ரூபாய். ஆசிரியர் கணக்குப் போட்டார்: நான்கு வயது, பதினாலாயிரம் கிலோமீட்டர், இன்னும் பத்து மாத வாரண்டி. இதைவிட என்ன வேண்டும்?

ஓடாத வண்டி புது வண்டி அல்ல. சும்மா நிற்கிற காரில் பேட்டரி செத்துப்போகிறது. டாங்கில் பெட்ரோல் பழசாகிறது. பிரேக் டிஸ்கில் துரு ஏறுகிறது. ரப்பர் புஷ்களும் சீல்களும் இறுகுகின்றன. இரண்டாம் கட்டில் நெல் மூட்டை இருக்கிற வீடென்றால் எலி வந்து வயரைக் கடிக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 4820 என்றால் 2020ஆம் ஆண்டின் 48ஆம் வாரம் செய்தது என்று பொருள். டயரின் கட்டை, அதாவது தரையில் படும் பகுதி, முழுதாக இருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். இவற்றில் எதையும் கிலோமீட்டர் மீட்டர் காட்டாது. பெரும்பாலான வாரண்டிக் கையேடுகளில் இருக்கும் "எது முதலில் வருகிறதோ அது" என்ற வரி இந்த ஊர் வண்டிகளுக்காகவே எழுதியது என்று தோன்றும். 1,00,000 கிலோமீட்டர் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். ஆச்சி வீட்டு வண்டி அந்த எண்ணைத் தொட இருபத்தைந்து ஆண்டு ஆகும். அதற்குள் நாட்காட்டி முந்திக்கொள்கிறது.

கையில் இருந்த மூன்று வழிகள்

ஆசிரியருக்கு வேறு வழிகளும் இருந்தன. மதுரையில் ஒரு பழைய கார் ஷோரூமில் இதே மாடல், இதே ஆண்டு, 41,000 கிலோமீட்டர் ஓடியது, 4,75,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அவர்களே பரிசோதித்து, "ஓராண்டு வாரண்டி, மூன்று இலவச சர்வீஸ்" என்று சான்றிதழ் தருவார்கள். மூன்றாவது வழி, கடன் வாங்கி மிதிக் கிளட்ச் உள்ள புது வண்டி, அடிப்படை மாடல். இது ஆசிரியரின் மனைவியின் விருப்பம். மாதத் தவணையைப் பார்த்து ஆசிரியர் அதை ஒதுக்கிவிட்டார்.

மதுரை வண்டி 45,000 ரூபாய் கூடுதல், 26,000 கிலோமீட்டரும் கூடுதல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிவு தானாக வந்துவிடும். ஆசிரியரும் அப்படித்தான் முடிவெடுத்தார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பின்னால் வந்த செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் அந்தத் தேர்வு நஷ்டமில்லை என்பதைக் கணக்குப் பகுதியில் காட்டுகிறேன். அவர் தவறியது வேறு இடத்தில்: "பத்து மாத வாரண்டி இருக்கிறது" என்று தரகர் சொன்னதை இருப்பாகவே வரவு வைத்துக்கொண்டார். அது இருப்பு அல்ல. நிபந்தனையோடு எழுதிய பத்திரம்.

ஷோரூம் வண்டிக்கும் வீட்டு வண்டிக்கும் சட்டத்தில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், விற்ற பொருள் தரமாக இருக்க வேண்டும் என்ற சொல்லாத நிபந்தனையைப் பொதுவாக அந்தப் பொருளில் வியாபாரம் செய்பவர் மீதுதான் சுமத்துகிறது. ஆச்சி வியாபாரி அல்ல. தெரிந்தே பொய் சொல்லி விற்றிருந்தால் கதை வேறு. அப்படி இல்லாவிட்டால், பழுது வந்தபின் அந்தக் குடும்பத்தைக் கேள்வி கேட்க வழி குறைவு. ஷோரூமாக இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் நிறுத்தலாம். ஆகவே வீட்டில் நேரடியாக வாங்குபவருக்கு மிஞ்சுவது உற்பத்தியாளரின் வாரண்டி ஒன்றுதான். அதைத்தான் அவர் அதிகக் கவனமாகப் படித்திருக்க வேண்டும்.

தரகர் கடைசியில் ஒரு காரியம் செய்தார். "கம்பெனி வாரண்டி இருக்கட்டும் சார், இதையும் போட்டு வையுங்கள்" என்று ஒரு தனியார் நிறுவனத்தின் ஓராண்டு வாரண்டி அட்டையை 7,000 ரூபாய்க்கு விற்றார். இன்ஜின், கியர் பெட்டி, ஒரு முறைக்கு 50,000 வரை. ஆசிரியர் மகிழ்ச்சியாக வாங்கினார். ஒரு வண்டிக்கு இரண்டு வாரண்டி.

ஏப்ரலில் ஆர்.சி. பெயர் மாறியது. காப்பீடும் மாறியது. நீட்டிப்பு வாரண்டியைப் பெயர் மாற்றக் கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும் என்று கையேட்டின் பின்பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. அதை யாரும் செய்யவில்லை. மே மாதம் காரைக்குடியில் உள்ள அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் எண்ணெய் மாற்றி, கழுவி, 3,900 ரூபாய் கட்டி வந்தார். அந்த ரசீது பிறகு உதவியது.

பழுது

ஆகஸ்ட் மாதம் புதுக்கோட்டையிலிருந்து திரும்பும்போது, திருமயம் கோட்டை கண்ணில் படும் தூரத்தில், வண்டி ஒருமுறை உதறியது. கியர் எண் காட்டும் இடம் மினுக்கியது. நியூட்ரலில் நின்றுகொண்டது, வேறெதற்கும் மாறவில்லை. குழந்தைகள் பின் இருக்கையில். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தியது. இழுவை வண்டி வைத்துக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார்கள்.

சர்வீஸ் நிலையம் தந்த மதிப்பீடு: கியர் ஆக்சுவேட்டர் தொகுப்பு 31,400 ரூபாய், கிளட்ச் செட் 9,800, எண்ணெயும் கூலியும் 6,300. மொத்தம் 47,500.

ஏ.எம்.டி. என்பது என்னவென்று இங்கே சொல்லாமல் மேலே போக முடியாது. உள்ளே இருப்பது சாதாரண மிதிக் கிளட்ச் கியர் பெட்டியேதான். கிளட்ச்சை அமுக்கி கியரை மாற்றும் வேலையை நம் காலும் கையும் செய்வதற்குப் பதில், எண்ணெய் அழுத்தத்தாலோ மின்மோட்டாராலோ இயங்கும் ஒரு கருவி செய்கிறது. இந்த வண்டியில் எண்ணெய் அழுத்தம். அதுதான் ஆக்சுவேட்டர். மலிவான தானியங்கி வண்டி என்று இது விற்கப்படுவதற்குக் காரணமே இந்த எளிமை. ஆனால் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும்போது, கிளட்ச் முழுதாகப் பிடிக்காமலும் முழுதாக விடாமலும் வழுக்கிக்கொண்டே இருக்கும். மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டராலேயே நிறுத்திவைத்தாலும் இதே கதி. தட்டு சூடேறித் தேயும். கருவியும் ஓய்வில்லாமல் பம்ப் அடிக்கும்.

பதினாறாயிரம் கிலோமீட்டரில் கிளட்ச் எப்படித் தேய்ந்தது என்ற கேள்விக்கு விடை எனக்கு ஆச்சியின் ஓட்டுநரிடம் கிடைத்தது. கோவிலூர் ரோட்டில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். நல்ல மனிதர், மறைக்கத் தெரியாதவர். "அண்ணே, அந்த வண்டி எங்கே ஓடியது? இரண்டு தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரைக்குப் பின்னாலேயே போனதுதான்" என்றார். குன்றக்குடியில் தொடங்கி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி வரை நடந்துபோகும் நகரத்தார் கூட்டத்துக்குப் பின்னால், தண்ணீரும் மருந்தும் வயதானவர்களின் பையும் ஏற்றிக்கொண்டு, மனிதன் நடக்கிற வேகத்தில், நாள் கணக்கில். 2024இல் ஒருமுறை, விற்பதற்குச் சில வாரம் முன்பு 2025இல் ஒருமுறை. முருகனுக்குச் செய்த சேவை. கிளட்ச் தட்டுக்குச் செய்த கொடுமை. மீட்டரில் இரண்டும் சேர்த்துச் சில நூறு கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும்.

வண்டி வாங்கும் முன் "எத்தனை ஓடியது" என்று கேட்கிறவர்கள் "எப்படி ஓடியது" என்று கேட்பதில்லை. ஓட்டுநரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருக்கலாம். பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் நிறுவனங்களின் பட்டியலில் இந்த இனம் இல்லை.

இரண்டு மறுப்புகள்

முதல் காகிதம், கம்பெனியின் நீட்டிப்பு வாரண்டி. சர்வீஸ் நிலைய மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு வாய்மொழியாக மறுத்தார். 2022 ஜனவரி சர்வீசுக்குப் பிறகு 2023 அக்டோபர் வரை இந்த வண்டி உள்ளேயே வரவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது விதி. ஒன்பது மாதம் தாமதம். "வாரண்டி கட்டாகிவிட்டது சார்." அந்த இடைவெளியில் ஆச்சி மகன் வீட்டில், சிங்கப்பூரில் இருந்தார். ஓடாத வண்டிக்கு எதற்கு சர்வீஸ் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இரண்டாவது காரணமாக, வாரண்டி இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது என்றார். மூன்றாவதாக, கிளட்ச் எப்படியும் தேய்மானப் பொருள், அது வராது என்றார்.

இரண்டாவது காகிதம், 7,000 ரூபாய் அட்டை. தொலைபேசியில் பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார். உற்பத்தியாளரின் வாரண்டி நடப்பில் இருக்கும் காலத்தில் முதல் பொறுப்பு அவர்களுடையது. தங்கள் பொறுப்பு அது முடிந்தபின்தான் தொடங்கும். அதோடு "கியர் பெட்டி" என்றால் பெட்டிக்குள் இருக்கும் பற்சக்கரங்களும் தண்டுகளும். வெளியே பொருத்திய மின்னணு, எண்ணெய் அழுத்தக் கருவிகள் பட்டியலில் இல்லை. அட்டையைப் புரட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. எழுத்தின் அளவு கடுகு.

ஆக, ஏப்ரல் முதல் ஜனவரி வரை அந்த அட்டை வெறும் அட்டை. தரகர் விற்றது, பத்து மாதம் தூங்கி இரண்டு மாதம் மட்டும் விழித்திருக்கும் ஒரு வாரண்டி.

கேள்வி கேட்ட விதம்

ஆசிரியர் என்னிடம் வந்தது இந்தக் கட்டத்தில்தான். கோபமாக இருந்தார். நான் முதலில் சொன்னது ஒன்றுதான்: வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள், எந்தப் பிரிவின்படி என்று கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல மறுப்புகள் மெலிந்துபோவதை என் தொழிலில் பார்த்திருக்கிறேன். இங்கும் மூன்று காரணங்களில் ஒன்று மட்டும்தான் எழுத்தில் வந்தது: சர்வீஸ் இடைவெளி.

பிறகு கையேட்டை எடுத்துவைத்து இரண்டு மாலை உட்கார்ந்தோம். அதில் இருந்த வாக்கியத்தின் சாரம் இது: உரிய பராமரிப்பு செய்யாததால் ஏற்படும் பழுதுகளுக்கு வாரண்டி பொருந்தாது. "ஏற்படும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு சர்வீஸ் தவறினால் எல்லாமே ரத்து என்று அதில் இல்லை. தவறிய சர்வீசுக்கும் வந்த பழுதுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். எல்லாக் கம்பெனியும் இப்படி எழுதுவதில்லை; சிலர் இடைவெளி வந்தாலே செல்லாது என்று நேரடியாகவே எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் பொதுவாகக் கேள்விப்பட்டதை வைத்து வாதாடக் கூடாது. கையில் இருக்கும் கையேட்டை வைத்துத்தான் வாதாட முடியும்.

ஆண்டு சர்வீசில் ஏ.எம்.டி. எண்ணெய் அளவைப் பார்ப்பதும் ஓர் இனம். அது குறைந்துபோய்ப் பம்ப் கெட்டிருந்தால் கம்பெனியின் வாதம் நிற்கும். ஆச்சியின் ஓட்டுநர் கையுறைப் பெட்டியில் எல்லா ஜாப் கார்டுகளையும், அதாவது ஒவ்வொரு சர்வீசிலும் நிலையம் எழுதித் தரும் வேலைத் தாள்களையும், ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். 2023 அக்டோபர் கார்டில், இடைவெளிக்குப் பிறகு வந்த அந்த முதல் சர்வீசில், "ஏ.எம்.டி. எண்ணெய் அளவு சரி, கசிவு இல்லை" என்று அவர்களுடைய மெக்கானிக்கே குறித்திருந்தார். 2024 நவம்பரிலும் அதே குறிப்பு. 2025 மே மாதமும் அதே. ஒன்பது மாதத் தாமதத்தால் அந்தக் கருவிக்கு எந்தக் கேடும் வரவில்லை என்பதற்கு அவர்களே மூன்று முறை கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இதை வைத்து ஒரு பக்கக் கடிதம். சர்வீஸ் நிலையத்துக்கு அல்ல, கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு, நகல் நிலையத்துக்கு. குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மூன்று ஜாப் கார்டின் நகல், கையேட்டின் அந்தப் பக்கம், ஆர்.சி. நகல். பெயர் மாற்றம் பற்றி ஒரு வரி: மே மாத ஜாப் கார்டு புதிய உரிமையாளர் பெயரிலேயே போடப்பட்டிருப்பதால் உரிமை மாறியது தங்களுக்கு அப்போதே தெரியும், மாற்றக் கட்டணம் இருந்தால் கட்டத் தயார். கிளட்ச்சைக் கேட்கவே இல்லை. அது தேய்மானம்தான். பாதயாத்திரை பற்றி எனக்குத் தெரிந்தபின் அதைக் கேட்க எனக்கு மனமும் வரவில்லை. ஆசிரியருக்கு இதில் வருத்தம். "கேட்டுப் பார்ப்பதில் என்ன சார்?" என்றார். நியாயமில்லாத ஒன்றைச் சேர்த்துக் கேட்டால் நியாயமானதும் சேர்ந்தே பலவீனமாகும் என்று சொன்னேன்.

பதினாறு நாளில் பதில் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் ஆக்சுவேட்டர் தொகுப்பு இலவசம். கிளட்ச், எண்ணெய், கூலி வாடிக்கையாளருடையது. "நல்லெண்ணம்" என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் ஒரு பொருள் உண்டு: தருகிறோம், ஆனால் தரவேண்டிய கட்டாயம் இருந்ததாக ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

மறுத்திருந்தால் என்ன செய்திருப்போம்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவதுதான் முதல் படி. பிறகு சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு, கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தர வேண்டும். இணையம் வழியாகவும் தரலாம். அட்டை விற்ற நிறுவனத்தின் மீது போகலாம் என்று நான் சொல்லத்தான் செய்தேன். நடப்பில் கம்பெனி வாரண்டி இருப்பது தெரிந்தே அட்டையை விற்றது தவறான வணிக நடைமுறை என்று வாதாட இடம் இருந்தது. 7,000 ரூபாய்க்காக எத்தனை நாள் விடுப்பு எடுப்பது என்று ஆசிரியர் விட்டுவிட்டார். அந்தக் கணக்கும் சரிதான். அப்படிப்பட்ட கணக்குகளை நம்பித்தான் அந்த அட்டைகள் விற்கப்படுகின்றன.

கணக்கு

ஆசிரியர் கையிலிருந்து போனது: கிளட்ச் 9,800, எண்ணெய், கூலி 6,300, தூங்கிய அட்டை 7,000. மொத்தம் 23,100. இழுவை வண்டிச் செலவைக் காப்பீட்டில் இருந்த சாலை உதவி ஏற்றுக்கொண்டது. வயரில் எலி கடித்த இடம் ஒன்றும் கண்டுபிடித்தார்கள். அதை டேப் சுற்றிச் சரிசெய்து காசு வாங்கவில்லை. எலி பொதுவாக வாரண்டியில் வராது. வெளியிலிருந்து வந்த சேதம் என்ற வகையில் அது காப்பீட்டில் கேட்க வேண்டியது, அதுவும் பாலிசியைப் பொறுத்து.

மதுரை வண்டியை வாங்கியிருந்தால் 45,000 கூடுதல். இதைவிட அதிகம். அந்த ஷோரூமின் வாரண்டிப் புத்தகத்தையும் பிறகு ஒரு நண்பர் மூலம் வாங்கிப் படித்தேன். இன்ஜினும் கியர் பெட்டியும். ஆக்சுவேட்டர் அதிலும் இல்லை. அதாவது ஆசிரியர் மிகவும் பயந்த செலவுக்கு மூன்று காகிதங்களில் ஒன்றே ஒன்றில்தான் இடம் இருந்தது. அந்தக் காகிதத்தைத்தான் யாரும் தங்கள் பெயருக்கு மாற்றவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த வாரம் முழுவதும் ஆசிரியர் வீட்டில் மூன்றாவது வழியான புது வண்டியைப் பற்றித்தான் பேச்சு என்று கேள்வி.

என்னிடம் வந்த மற்ற கேள்விகள்

இந்த விஷயம் பரவியபின் நாலைந்து பேர் தங்கள் காகிதங்களோடு வந்தார்கள். புது வண்டிக்கு நீட்டிப்பு எடுக்கலாமா என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. என் கணிப்பு இது: மிதிக் கிளட்ச், டர்போ இல்லாத பெட்ரோல், ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் என்றால் நீட்டிப்புக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் திரும்பாது. தானியங்கி கியர், டர்போ டீசல், பெரிய திரையும் கேமராவும் மின்னணு ஸ்டீயரிங்கும் நிறைந்த வண்டி என்றால் ஒரே பழுது அந்தப் பணத்தை விழுங்கிவிடும். எடுக்கலாம். அதையும் டெலிவரி நாளிலேயே எடுக்க வேண்டியதில்லை. அடிப்படை வாரண்டி முடியும் முன் எடுக்கப் பல கம்பெனிகள் இடம் தருகின்றன, தாமதமானால் கட்டணம் ஏறும். வெளியில் சி.என்.ஜி. கிட் பொருத்தும் எண்ணம் இருந்தால் வாரண்டியை மறந்துவிடுங்கள்.

பழைய வண்டி என்றால் "இந்த மாடலுக்கு எத்தனை ஆண்டு" என்று கேட்பது தவறான கேள்வி. மாருதி சுசூகி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 2 ஆண்டு, 40,000 கிலோமீட்டர் என்பதிலிருந்து 3 ஆண்டு, 1,00,000 ஆக உயர்த்தியது. ஒரே மாடலில், அந்த ஜூன் மாதம் டெலிவரி எடுத்த வண்டிக்கும் ஆகஸ்டில் எடுத்த வண்டிக்கும் வாரண்டி வேறு வேறு. டெலிவரி தேதியைப் பார்க்க வேண்டும். வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொன்னால் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் மீதிக் காலத்தையும் சர்வீஸ் வரலாற்றையும் கணினியில் பார்த்துச் சொல்வார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

பழைய மின்சாரக் கார் பற்றி ஒருவர் கேட்டார். மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953 முதல் இயங்கும் ஊர் இது. பேட்டரி பற்றிக் கேட்க ஆளில்லாமல் என்னிடம் வந்தது வேடிக்கைதான். இந்தியாவில் பல மின்சாரக் கார்களுக்குப் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். சில கம்பெனிகள் அண்மையில் "ஆயுள் முழுவதும்" என்று அறிவித்தன. அந்த ஆயுள் வண்டியுடையது அல்ல, முதல் உரிமையாளருடையது. அவர் கை மாற்றியதும் இரண்டாமவருக்குக் குறைந்த காலமே கிடைக்கும். பேட்டரியின் விலைதான் வண்டி விலையில் பெரும்பங்கு என்பதால், இரண்டாம் உரிமையாளருக்கு என்ன என்று எழுதியிருக்கும் அந்த ஒரு பத்தியைப் படிக்காமல் விலை பேசவே உட்காரக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

டிசம்பர்

நீட்டிப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஆறாம் ஆண்டுக்குப் புதுப்பிக்கலாமா என்று ஆசிரியர் கேட்டார். வண்டியைப் பரிசோதித்துவிட்டு 8,600 ரூபாய்க்குத் தருவார்களாம். ஆக்சுவேட்டர் புதிது, கிளட்ச் புதிது, நீங்கள் ஓட்டுவது பள்ளிக்கும் வீட்டுக்கும். வேண்டாம், அந்தப் பணத்தை அஞ்சலகத்தில் போடுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாளே கட்டிவிட்டார், வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். இந்த முறை பெயர் அவருடையதுதான், எழுத்துப் பிழை இல்லாமல் இருந்தது. ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தோம். சேசிஸ் எண்ணில் கடைசிக்கு முந்தைய இலக்கம் 3க்குப் பதில் 8 என்று இருந்தது. அன்று சனிக்கிழமை, நிலையம் ஒன்றரை மணிக்கு மூடிவிடுவார்கள். மணி ஒன்று. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.